பனிக்குள் நின்ற வண்டி

போன வாரம் நாம் லாண்டரியம்மாவை விட்டு வந்தபோது, அவள் ரிசீவரைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்திருந்தார்கள். அடையாளம் தெரியாத ஆண் உடல் ஒன்று வந்திருக்கிறது. உயரம், வயது எல்லாம் நீங்கள் கொடுத்த விவரத்தோடு ஒத்துப்போகிறது. வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள்.

கதைக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாண்டரியம்மாவின் கணவனை வீட்டில் எல்லோரும் பெரியவன் என்றுதான் சொல்வார்கள். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை துணி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனான். மதியம் அந்த வண்டி ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கக் கதவு திறந்து கிடந்தது. மூட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆள்தான் இல்லை.

ஆற்றில் இறங்கித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணன் போய்விட்டான் என்று பெரியவனின் தம்பி சின்னவன் சொன்னான். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அவர்களுடைய அம்மா சொன்னாள். அழுக்குத் துணி வந்துகொண்டேயிருந்தது. லாண்டரியம்மா துவைத்துக்கொண்டேயிருந்தாள்.

இன்று காலை விடிந்தும் விடியாத மாதிரி இருந்தது. அப்படி ஒரு மூடுபனி. லாண்டரி வாசலில் நின்று பார்த்தால் எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய படுக்கை விரிப்புகளைச் சின்னவன் வண்டியின் பின்பக்கம் கூரை முட்ட அடுக்கினான். எப்படியும் அங்கேதான் போகிறோம், இதையும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று அவன்தான் சொன்னான். சொல்லிவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

மாமியார் கையில் ஒரு பையோடு வந்தாள்.

"அத்தை, நீங்க வரவேண்டாம். நானும் தம்பியும் போய்ப் பார்த்துட்டு வந்துடறோம்."

"பெத்தவ வராம வேற யாரு வந்து பார்க்கறது? அது அவன் இல்லேன்னு நான்தான் சொல்லணும்."

"பையில என்ன?"

"சட்டை. இஸ்திரி போட்டு வெச்சது."

அது அவன் இல்லை என்று சொல்லப்போகிறவள் எதற்குச் சட்டை கொண்டுவருகிறாள் என்று லாண்டரியம்மா கேட்கவில்லை.

அந்த வண்டிக்கு ஒரு பக்கக் கதவு உண்டு; பின்னால் தள்ளித் திறக்கிற கதவு. பாலத்திலிருந்து வண்டியைக் கொண்டுவந்தபோது போலீஸ்காரர் ஒருவர் ஓங்கிச் சாத்தினார். அன்றோடு சரி. அது யாருக்கும் மசியவில்லை. அதற்கு முன்பும் பெரியவன் கை வைத்தால் மட்டும்தான் வெண்ணெய் மாதிரி திறக்கும். மெக்கானிக்கிடம் காட்ட லாண்டரியம்மாவுக்கு ஏனோ மனம் வரவில்லை. அதனால் மாமியார் முன்கதவு வழியாக ஏறி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

வண்டி கிளம்பியது. லாண்டரியம்மா ஓட்டினாள். பக்கத்தில் சின்னவன். பெரிய ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. வயல்களுக்கு நடுவே போகும் குறுக்கு வழியில் திரும்பினாள். அதற்கப்புறம் எதிரில் ஒரு வண்டிகூட வரவில்லை. விளக்கைப் போட்டால் வெள்ளையாக ஒரு சுவர் தெரிந்தது. அணைத்தால் சாம்பல் நிறச் சுவர்.

"அவனைப் போர்த்தியிருக்கற துணி நாம துவைச்சதாத்தான் இருக்கும், இல்ல?" என்று பின்னாலிருந்து மாமியார் கேட்டாள்.

"அம்மா, சும்மா வாம்மா" என்றான் சின்னவன்.

"கேட்டேன். ஊர்ல வேற லாண்டரி ஏது?"

ரயில் பாதை வந்தது. ஆள் இல்லாத கேட். ரயில் வரும்போது தானாக மணி அடிக்கும், தானாகக் கம்பம் இறங்கும். இப்போது கம்பங்கள் மேலே பனிக்குள் மறைந்திருந்தன. லாண்டரியம்மா வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. மெதுவாக ஏற்றினாள்.

முன்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியது. இன்ஜின் ஒருமுறை இருமியது. நின்றுவிட்டது.

அந்த நிசப்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. சாவியைத் திருப்பினாள். கர்ர்ர் என்று இழுத்தது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள்.

"இருங்க அண்ணி, பேட்டரி போயிடும். ஃபியூஸ் லூஸா இருக்கும், பார்க்கறேன்." சின்னவன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான்.

"யாரோ நிக்கறாங்க" என்றாள் மாமியார்.

"எங்க அத்தை?"

"இங்க. கண்ணாடிகிட்ட."

லாண்டரியம்மா திரும்பிப் பார்த்தாள். மாமியார் பக்கக் கதவின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூச்சில் கண்ணாடி வெளுத்திருந்தது. அதற்கு வெளியே பனி. வேறொன்றும் தெரியவில்லை.

"யாரும் இல்ல அத்தை."

லாண்டரியம்மா சாவியை மறுபடி திருப்பினாள். கர்ர்ர். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று திருப்பிக்கொண்டே இருந்தாள். நின்ற வண்டியைக் கிளப்பத்தான் கை போகிறது. அதை விட்டுவிட்டு இறங்கவேண்டும் என்று முதலில் தோன்றுவதே இல்லை.

மணி அடித்தது.

தலைக்கு மேலே, கணகணவென்று. பனிக்குள் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. முன்னால் ஒரு கம்பம் இறங்கியது. பின்னாலும் ஒன்று இறங்கியது.

லாண்டரியம்மாவின் கை சாவியை விட்டுவிட்டது.

"இறங்கு! தம்பி, இறங்கு! அத்தை, வாங்க!"

சின்னவன் குதித்து வண்டிக்குப் பின்னால் ஓடினான். முதுகைக் கொடுத்துத் தள்ளினான். சக்கரம் தண்டவாளத்தில் இடறி நின்றிருந்தது. அசையவில்லை.

"தள்ளாதே! வண்டி போனா போகட்டும்! அங்க கம்பத்துல போர்டு இருக்கு பாரு, நம்பர் இருக்கும், கூப்பிடு!"

அவள் சீட்டுகளுக்கு நடுவே கையை நீட்டி மாமியாரின் தோளைப் பிடித்து இழுத்தாள். மாமியார் அசையவில்லை. கல்லாகச் சமைந்த மாதிரி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை! ரயில் வருது!"

"இரு. திறப்பான்."

அந்த வார்த்தை லாண்டரியம்மாவின் காதில் விழுந்தது, மனத்தில் ஏறவில்லை. அவள் வெளியே இறங்கிச் சுற்றிக்கொண்டு பக்கக் கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். காலால் உதைத்தாள். கதவு கம்மென்று இருந்தது.

கம்பத்தடியில் சின்னவன் போர்டில் மூக்கு படுகிற மாதிரி நின்று, அதிலிருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தினான். ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"கன்ட்ரோல் ரூம்."

"மேடம், ரயில் பாதையில எங்க வண்டி…"

"தெரியும் சார். வெள்ளை லாண்டரி வண்டிதானே? ரயிலுக்குச் சொல்லியாச்சு, பிரேக் போட்டுட்டாங்க. ஆனா அங்க வர்றதுக்குள்ள நிக்காது. வண்டிய விட்டுடுங்க. பின்சீட்ல ஒரு பெரியம்மா இருக்காங்கல்ல?"

"ஆமா, ஆமா, கதவு…"

"கைப்பிடிய முதல்ல மேல தூக்குங்க. தூக்கிக்கிட்டே பின்னால தள்ளுங்க."

"அண்ணி! மேல தூக்கித் தள்ளணுமாம்!"

அவள் தூக்கினாள். தள்ளினாள். கதவு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

மாமியார் எதிரில் உட்கார்ந்திருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மருமகளின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அவள் முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று வடிந்துபோனது. லாண்டரியம்மா அவளை இரண்டு கைகளாலும் வாரி இறக்கினாள்.

தண்டவாளம் முனக ஆரம்பித்திருந்தது.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" ஸ்பீக்கரில் அந்தப் பெண். "இப்ப ஓடுங்க. ரயில் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கமா ஓடுங்க. தண்டவாளத்த ஒட்டி ஓடாதீங்க, விலகி, சாய்வா வயலுக்குள்ள போங்க. ரயில் வண்டிய அடிச்சா உடைஞ்சதெல்லாம் ரயில் போற பக்கம்தான் பறக்கும். அந்தப் பக்கம் போகாதீங்க!"

சின்னவனின் கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. சத்தம் வலப்பக்கத்திலிருந்து வந்தது. அவன் இடப்பக்கம் ஓடினான். யாராக இருந்தாலும் அப்படித்தான் ஓடுவார்கள்.

"தம்பி! இந்தப் பக்கம்! ரயிலைப் பார்த்து ஓடு!"

அவன் நின்றான், திரும்பினான், கம்பத்துக்கு அடியில் குனிந்து வந்து அம்மாவின் மறுகையைப் பிடித்துக்கொண்டான். பின்பக்கக் கம்பத்தைத் தாண்டி மூவரும் சரிவில் இறங்கினார்கள்.

"பை!" மாமியார் கையை உதறினாள். "பை உள்ள இருக்கு! அவன் சட்டை…"

"வேண்டாம் அத்தை!"

"ஒரு நிமிஷம், எடுத்துட்டு…"

லாண்டரியம்மா வாழ்நாளில் அன்றுதான் மாமியாரை அதட்டினாள். "நடங்க!"

கண்ணுக்கு எதுவும் தெரியாத பனிக்குள், வருகிற ரயிலின் சத்தத்தை நோக்கி, அதைவிட்டு விலகி, ஈர வயலில் கால் புதையப் புதைய ஓடினார்கள். எதிரில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹாரன் விடாமல் அலறியது. சக்கரங்கள் இரும்பில் தேய்கிற கீச்சொலியில் பல் கூசியது. மேட்டின் மேல், அவர்களைக் கடந்து, ஜன்னல் ஜன்னலாக ரயில் போனது. ஜன்னல்களில் மனித முகங்கள். சில தூங்கிக்கொண்டிருந்தன.

பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அதை எப்படிச் சொல்வது? ஒரு வீட்டையே யாரோ தூக்கிக் கீழே போட்ட மாதிரி.

அப்புறம் கண்ணாடி விழுகிற ஓசை, தகரம் உருள்கிற ஓசை, எல்லாம் இடப்பக்கத்தில். சின்னவன் முதலில் ஓடிய பக்கத்தில். அவன் வயலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு துணிகள் இறங்கின. மேலே எவ்வளவு உயரம் போயினவோ, எந்த அவசரமும் இல்லாமல், ஒவ்வொன்றாக, பனியிலிருந்தே பிரிந்து வருகிற மாதிரி வெள்ளை விரிப்புகள் இறங்கின. ஒன்று முள்வேலியில் படர்ந்தது. ஒன்று வயலில் நீட்டிப் படுத்தது, அடியில் யாரோ இருப்பதுபோல. ஒன்று ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. காற்றே இல்லை. ஆனாலும் அது லேசாக அசைந்தது.

"அத்தை, அங்க பார்க்காதீங்க."

"நான் எங்கயும் பார்க்கல" என்றாள் மாமியார். உண்மைதான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ரயில் கொஞ்சதூரம் போய் நின்றது. அதன் டிரைவர் டார்ச்சோடு ஓடிவந்தார். இளவயதுக்காரர். மூவரையும் பார்த்ததும் அப்படியே முட்டியில் கை ஊன்றிக் குனிந்தார்.

"முன்னாடியே சொல்லிட்டாங்க, பிரேக் போட்டேன். இல்லேன்னா வேற மாதிரி ஆகியிருக்கும். ரயில்ல யாருக்கும் அடி இல்ல." நிமிர்ந்தவர் கேட்டார்: "அவர் எங்க?"

"எவரு?"

"உங்களோட இருந்தவர். வண்டிக்கு அந்தப் பக்கம் ஓரமா ஒருத்தர் நின்னாரே. லைட் வெளிச்சத்துல பார்த்தேன். காதுல போன் வெச்சுக்கிட்டு நின்னார்."

"நாங்க மூணு பேர்தான்" என்றான் சின்னவன்.

டிரைவர் டார்ச்சை வண்டி நின்ற பக்கம் திருப்பினார். அவர் சொன்ன அந்த இடப்பக்கத்தில்தான் எல்லாம் பறந்து விழுந்திருந்தது. ரயிலின் கார்டும் இன்னும் சிலரும் வந்து ரயிலுக்கு அடியிலும் புதரிலும் தேடினார்கள். விழுந்து கிடந்த விரிப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றைத் தூக்கும்போதும் லாண்டரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதற்கு அடியிலும் யாரும் இல்லை. ஈர மண்ணில் ஒரு ஜோடிச் செருப்புத் தடம் இருந்தது. வண்டி நின்ற இடத்திலிருந்து அது பின்னோக்கிப் போய், புல் ஆரம்பிக்கிற இடத்தில் முடிந்துவிட்டது.

பக்கத்து ஸ்டேஷனுக்கு அவர்களை அழைத்துப் போனார்கள். சின்னவனைப் போலீஸ்காரர் வெளியே உட்காரவைத்து விவரம் கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் பெண்கள் இருவரையும் தன் அறையில் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நல்ல மனிதர். வண்டி போனதற்காக அவரே வருத்தப்பட்டார்.

லாண்டரியம்மாவின் மனத்தில் அப்போதுதான் அது உறைத்தது.

"சார், நாங்க போன் பண்றதுக்கு முன்னாலயே அந்தம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துது. கதவு எப்படித் திறக்கணும்கறதுகூட."

"ஆமாம்மா, வேற ஒருத்தர் முதல்ல கூப்பிட்டிருக்கார். அவரைத்தான் நாங்களும் தேடறோம். எல்லா அழைப்பும் பதிவாகும். கேட்டுப் பாருங்க, குரல் தெரிஞ்சா சொல்லுங்க."

அவர் கன்ட்ரோல் ரூமை அழைத்து, போனை மேஜைமேல் வைத்தார். கொஞ்சம் இரைச்சல். அப்புறம் ஓர் ஆண் குரல் பேசியது. நிதானமான குரல்.

"ரயில் பாதையில ஒரு வண்டி நின்னுடுச்சு. வெள்ளை லாண்டரி வண்டி. உள்ள மூணு பேர் இருக்காங்க. பின்சீட்ல வயசானவங்க. அந்தப் பக்கக் கதவு சாதாரணமா திறக்காது. கைப்பிடியத் தூக்கிட்டுப் பின்னால தள்ளணும். அவங்ககிட்ட சொல்லுங்க."

"நீங்க எங்க நிக்கறீங்க சார்?"

"பக்கத்துல."

"அப்ப நீங்களே போய்த் திறந்துவிட முடியுமா சார்? ரயில் கிளம்பிடுச்சு. சார்? லைன்ல இருக்கீங்களா?"

அவன் பேசவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது. அந்த மூச்சுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், கர்ர்ர் என்று ஓர் இன்ஜின் இழுத்து இழுத்து ஓய்ந்தது. லாண்டரியம்மாவின் விரல்கள் தாமாக மடங்கின. அது அவள் திருப்பிய சாவி. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல, மாமியாரின் குரலும் கேட்டது. "யாரோ நிக்கறாங்க."

பதிவு அங்கே முடிந்தது.

"தெரிஞ்ச குரலாம்மா?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார்.

லாண்டரியம்மா வாயைத் திறந்தாள். மேஜைக்கு அடியில் மாமியாரின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்றிருந்தது அந்தக் கை.

"தெரியாதுங்க" என்றாள் மாமியார். "யாரோ புண்ணியவான். நல்லா இருக்கட்டும்."

அவர் தலையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் ஏற்பாடு செய்வதாகச் சொல்லி வெளியே போனார்.

கதவு சாத்தியதும் லாண்டரியம்மா மெல்லிய குரலில் சொன்னாள். "அத்தை, அது அவர்தான்."

"தெரியும்."

"உயிரோட இருக்கார் அத்தை."

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னான்" என்றாள் மாமியார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கைய நீட்டினா தொட்டிருக்கலாம். தாடி வெச்சிருக்கான். நான் அவனப் பார்த்தேன், அவன் என்னப் பார்த்தான். திறப்பான் திறப்பான்னு உட்கார்ந்திருந்தேன். மணி அடிச்சுது. அவன் போனக் காதுல வெச்சுக்கிட்டே ஒவ்வொரு அடியா பின்னால போனான். நீ வந்து கதவத் திறந்தப்பவும் அங்கதான் இருந்தான். உன் முதுகப் பார்த்துக்கிட்டு."

லாண்டரியம்மாவுக்குத் திரும்பிப் பார்க்கவேண்டும் போலிருந்தது. பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஆனாலும் அவர்தானே நம்மளக் காப்பாத்தினார்? அவர் சொல்லலேன்னா…"

"என் பிள்ளையா இருந்தா கதவத் திறந்திருப்பான்."

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் மாமியார் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த வயல்சேற்றைத் தட்டினாள். வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சின்னவன் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"அம்மா, இன்னிக்கே போகணுமா? நாளைக்குப் போலாமே. எப்படியும் அது அண்ணன் இல்லேன்னு நீதானே சொல்லிக்கிட்டிருந்தே?"

"இன்னிக்கேதான்" என்றாள் அம்மா. "பாவம்டா, என் பிள்ள. எத்தனை நேரமா அங்க தனியாக் கிடக்கான்."

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் கிடப்பவன் யாராக இருந்தாலும், துணியை விலக்கியதும் மாமியார் என்ன சொல்லப்போகிறாள் என்பது லாண்டரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தபடியாக, பெண்டாட்டி நீ சொல்லம்மா என்று தன் பக்கம் திரும்புவார்களே, அப்போது தன் வாயிலிருந்து என்ன வரும் என்பதுதான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவளுக்குத் தெரியவில்லை.